நான் அழித்த ஒரு வரி

தம்பி,

நலம் விசாரித்து எழுதத் தொடங்கினால் அதற்கே அரைப் பக்கம் போய்விடும். நாளைக்குக் கிளாலிக் கடலேரியால் படகில் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும். அவர் கொழும்பு போய்ச் சேர மூன்று நான்கு நாளாகும். நீ எழுதிய அந்த விசாரணையோ அடுத்த திங்கட்கிழமை. ஆகவே நான் சுகம், முழங்கால் மட்டும் வழக்கம்போல் முறைத்துக்கொண்டு நிற்கிறது, என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தாளின் ஓரத்தில் துளைகளைப் பார்த்துச் சிரிக்காதே. கடையில் எழுதுதாள் இல்லை, அலுவலகத்தில் மிஞ்சிப்போன பழைய பிரிண்டர் தாள்தான் கைவசம் இருக்கிறது.

உன் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, கொம்பியூட்டரிடம் பட்டியல் கேட்க நீ எழுதிய கேள்வியை, குவெரி என்கிறாயே, அதை அச்சடித்து மடித்து வைத்திருந்தாய். “அம்மா, இதை எங்கடை ஒஃபீசிலை என்னைத் தவிர ஒருத்தராலும் விளங்கேலாது” என்று பக்கத்தில் பேனையால் கிறுக்கியும் இருந்தாய். மற்றது, உனக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பிள்ளை அதே குவெரியில் கை வைத்ததால் தபால்வழிப் பாடம் படிக்கிற மாணவர்களின் பரீட்சை அனுமதி அட்டைகள் பிழைத்துப்போன கதை. பாடத்தை விட்டு விலகியவர்களுக்கும், போன வருஷமே பாஸ் பண்ணியவர்களுக்கும் அட்டை போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெடியனின் தகப்பன், வீட்டுக்கு வந்த அட்டையைக் கையில் பிடித்தபடி உங்கள் வாசலில் வந்து நின்றாராம். உனக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் நீ அந்தப் பிள்ளைமேல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாய். அவளை வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று திங்கட்கிழமை முடிவெடுப்பார்களாம், சாட்சி நீதானாம். இந்த இரண்டு செய்திக்கும் தொடர்பு இருக்கிறது என்று உனக்குத் தோன்றவேயில்லை. அதுதான் மூன்று நாளாக என்னைக் குடைகிறது.

அம்மாவுக்குக் கொம்பியூட்டர் மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருப்பாய். மின்சாரம் போய் ஐந்து வருஷமாகிறதே தவிர, மூளை எங்கேயும் போகவில்லை. நீ பாவிக்கிற மொழி நான் பாவித்ததை விடப் புதிது, ஆனாலும் உன் தாளை வெளிவிறாந்தையில் வெளிச்சத்துக்குப் பிடித்து நாலுதரம் படித்தேன். தொடக்கத்திலேயே ஒரு நட்சத்திரம் போட்டு ‘இருப்பதெல்லாம் தா’ என்று கேட்டிருக்கிறாய். சந்தைக்குப் போய்க் கடையில் உள்ளதெல்லாம் தா என்று யாராவது கேட்பார்களா? அட்டவணைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்திருக்கிறாய். ஏ மாணவனா, ஏ ஊரா என்று தெரிந்துகொள்ள நான் விரலை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓடவேண்டி இருந்தது. நிபந்தனைகள் ஒன்பது, அத்தனையையும் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கிறாய். கடைசி நிபந்தனை, ஊர் தெற்கிலுள்ள காலி நகரம். அந்தப் பிள்ளையிடம் மாத்தறையையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்ன செய்வாள், கடைசியில் ‘அல்லது மாத்தறை’ என்று சேர்த்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு ஊரையும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும். போடாததால் மாத்தறைக்காரர் என்று வந்த உடனே முன்னால் சொன்ன எட்டு நிபந்தனையும் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. செத்தவனும் வந்தான், பாஸ் பண்ணியவனும் வந்தான்.

அடைப்புக்குறி போடாதது அவளுடைய பிழை, நான் இல்லை என்கவில்லை. ஆனால் நீ வரிக்கொரு நிபந்தனையாக இறக்கி எழுதியிருந்தால், ஊர் என்ற வரி தனியாகக் கண்ணில் பட்டிருக்கும். அதற்குப் பக்கத்திலே தானே மாத்தறையையும் எழுதி, இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருப்பாள். கொம்பியூட்டருக்கு நீ ஒரே வரியில் எழுதினாலும் ஒன்று, ஒன்பது வரியில் எழுதினாலும் ஒன்று. அதற்குக் கண் இல்லை. வரியை முறித்து எழுதுவதும், பெயரைப் பெயராக வைப்பதும் உனக்குப் பிறகு அதைத் தொடப்போகிற மனுசருக்காக. எங்கள் குசினி உனக்கு ஞாபகம் இருக்கும். பால்மா ரின்னில் கடலை, பிஸ்கற் ரின்னில் மல்லி, மாப் போத்தலில் உப்பு, எல்லாம் என் தலைக்குள் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நீ பெரிய மனுசனாகத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு மிடறு குடித்துவிட்டு, “என்னடா போட்டனி?” என்று நான் கத்தினேன். “சீனி எண்டு எழுதியிருந்த ரின்னிலை இருந்ததைத்தான் போட்டனான்” என்றாய். அப்பச்சோடா. அன்றைக்குச் சிரித்தோம். அந்த ரின்களுக்குச் சரியான பெயர் ஒட்ட எனக்கு அப்போதும் மனம் வரவில்லை. இது என் குசினி, எனக்குத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம்தான். அதே எண்ணத்தோடுதான் நான் அலுவலகத்திலும் இருந்தேன்.

அந்தக் கொம்பியூட்டர் வந்து இறங்கிய நாள் உனக்குத் தெரியும், பள்ளிக்கூட உடுப்போடு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாய். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களைப் பதிகிற சின்னத் தொண்டு அலுவலகம் எங்களுடையது. அங்கே நான் ரைப்பிஸ்ட். உன் அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பெட்டியோடு வந்த தடித்த புத்தகத்தை வேறு யாரும் தொடாததால் நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அரிசி வேகும் நேரத்தில் எல்லாம் படித்தேன். மேசை விசிறியை எங்களுக்குத் திருப்பாமல் அதற்குத் திருப்பி வைத்தோம். சரஸ்வதி பூசைக்கு யாரோ அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்து, விசைகளுக்குள் குங்குமம் கொட்டி, நான் ஊசியால் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் ஆறாயிரம் குடும்பத்துக்கு மேல் அதற்குள் ஏற்றினேன். என்னைத் தவிர அதை இயக்க ஆளில்லை. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உனக்கு நான் சொன்னதில்லை. பெண்ணொருத்தி தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள் என்றால் வேலை நிலைக்க வேண்டும், நிலைப்பதற்கு அவளை விட்டால் வேறு ஆளில்லை என்று இருக்க வேண்டும். அப்படித்தான் எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டேன். நீ பக்கத்தில் கிறுக்கிய அந்த வரியைப் படித்தபோது என் கையெழுத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

இனி ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஆம்பிளை ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். கலியாணம் முடித்த கையோடு பெண்சாதியின் சீதன வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே தலை நரைத்து, அந்த ஊர்க் கோயிலில் உபயமும் செய்வார். ஆனால் கேட்டால் பிறந்த ஊரைத்தான் சொல்வார். உன் அப்பா பதினாலு வருஷம் என் வீட்டில் இருந்துவிட்டுக் கடைசிவரை சாவகச்சேரி என்றே சொன்னார். ஆகவே பதியும்போது நாங்கள் இரண்டையும் கேட்டோம், பிறந்த ஊர் அட்டவணையின் ஒரு நிரலில், இருக்கிற ஊர் அடுத்த நிரலில். அந்த மென்பொருள் ஒரு நிரலுக்குப் பத்து எழுத்துவரை பெயர் வைக்க விட்டது. நான் ஊருக்கு ஆங்கிலத்தில் யூ என்று ஒரு எழுத்தை எடுத்து, யூ ஒன்று, யூ இரண்டு என்று வைத்தேன். பிறந்தது ஒன்று, இருப்பது இரண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஸ்ரெலா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். குருநகரிலிருந்து வந்தவள், கடற்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை, ஓயெல் பரீட்சை முடித்துவிட்டு ரைப்பிங் பழகியிருந்தாள். வேலை கூடியதால் எனக்கு உதவியாக எடுத்தார்கள். ஒரு மாதத்தில் நான் ஆறு மாதத்தில் பிடித்ததைப் பிடித்துவிட்டாள். அவள் எழுதுகிற விதமே வேறு. வரிக்கு ஒரு நிபந்தனை, ஒன்றுக்குக் கீழ் ஒன்று நேராக நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே நட்சத்திரம் போட்டு இரண்டு மூன்று வரி எழுதுவாள். நாங்கள் பாவித்த மொழியில், நட்சத்திரத்தோடு தொடங்கும் வரியைக் கொம்பியூட்டர் கவனிக்காது, அது பிறகு வாசிக்கிறவருக்கு. இது என்னத்துக்கு, யார் எழுதியது, எதை யாரிடம் கேட்டறிந்தது என்று தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பாள். எதையாவது மாற்றவோ அழிக்கவோ முதல், எத்தனை பேர் அகப்படுகிறார்கள் என்று ஒருதரம் பட்டியல் போட்டுப் பார்ப்பாள். எனக்குப் பொறுமை இல்லை. “என்ன ஸ்ரெலா, கோலம் போடுறீரோ? ரெண்டு வரியிலை முடியிற வேலைக்குப் பத்து வரியோ?” என்று கேட்பேன். “இல்லையக்கா, நாளைக்கு நானே பாத்தாலும் விளங்கோணும் எல்லோ” என்பாள். எல்லாரும் சிரிப்போம், அவளும் சிரிப்பாள்.

பிறகு அந்த நீண்ட ஊரடங்கு. எங்கள் அலுவலகக் கட்டடம் அகதிமுகாம் ஆகி, நீயும் நானும் ஸ்ரெலாவும் இன்னும் முப்பது குடும்பமும் அங்கேயே தங்கிக் கிடந்தோம். நீ மண்டபத்தில் மாச்சாக்குகளின்மேல் கிடந்து ஏயெல் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். ஸ்ரெலா தன் பங்குப் பாணுக்குள் சம்பல் வைத்து உனக்குக் கொண்டுவந்து தந்ததும் உனக்கு மறந்திருக்காது. இடம்பெயர்ந்தவர் மட்டுமல்ல, இன்சுலின் ஏற்றாமல் இருக்க முடியாத நீரிழிவுக்காரர் எல்லாரின் பெயர்களும் எங்கள் பதிவில் இருந்தன. மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜில் மருந்தும் இருந்தது. நாலு நாளைக்கு ஒருதரம் எங்கள் வானுக்குச் சில மணித்தியாலம் அனுமதி தருவோம் என்று ஆமிக்காரர் சொன்னார்கள். ஊர்வாரியாகப் பட்டியல் வேண்டும், எந்த ஊருக்கு எத்தனை போத்தல் என்று பார்த்து ஏற்ற வேண்டும். ஜெனரேட்டருக்கு ஒரு மணித்தியாலம் ஓடத்தான் டீசல் இருந்தது.

ஸ்ரெலா கொம்பியூட்டரில் இருந்தாள். நான் பக்கத்து மேசையில் பால்மாப் பங்கீட்டுக்குப் பெயர் கிறுக்கிக்கொண்டு, வாசலில் நின்ற இரண்டு பேரோடு சண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஊர்வாரியாப் பிரிக்க யூ ஒண்டோ, யூ ரெண்டோ?”

“ஒண்டு.”

“இருக்கிற ஊர்தானே அக்கா?”

“ஓமப்பா, ஊர் எண்டா ஒண்டுதான். கெதியா அடியும், டீசல் முடியப்போகுது.”

தலையை நிமிர்த்தவில்லை நான். அவள் கேட்டதின் பிற்பாதி என் காதில் விழுந்ததா என்று இந்த ஏழு வருஷமாக என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். விழுந்திருக்கிறது தம்பி. விழுந்தும் நான் கேட்கவில்லை.

பட்டியல் வந்தது, வான் போனது. திரும்பி வந்த சாரதி தொப்பென்று மர வாங்கில் குந்தியபடி, “என்ன லிஸ்ற் இது? ஆம்பிளையளிலை பாதிப் பேர் வீட்டிலை இல்லை. ‘அவர் பெண்சாதி ஊரிலை எல்லோ’ எண்டு தாய் தேப்பன் சொல்லுதுகள்” என்றார். பெண்களுக்குப் பெரும்பாலும் சரியாகப் போயிருந்தது, அவர்கள் பிறந்த ஊரிலேயே இருந்தார்கள். ஆண்களுக்குத்தான் பிழைத்தது. பெண்சாதியின் ஊர் பக்கத்து ஊராக இருந்தவர்களுக்கு உறவினர் வேலி பாய்ந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் அது முடியவில்லை. அவர் உடுவிலில் பிறந்து, பட்டணத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் இருக்கிற கொழும்புத்துறையில் கலியாணம் முடித்தவர். அவருடைய மருந்து உடுவிலில் அவருடைய தாயின் கையில் இருந்தது. அடுத்த அனுமதி நாலு நாள் கழித்து. அதற்கு முதல் நாள் விடிய அவர் போய்விட்டார்.

உன் கணக்கு மாஸ்ரர், தம்பி.

நீ அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கொப்பியில் அவர் சிவப்புப் பேனையால் போட்ட சரிகளை விரலால் தடவித் தடவி அழுதாய். “ஏனம்மா செத்தவர்?” என்று கேட்டாய். “சலரோகமடா, என்ன செய்யிறது” என்றேன். பொய் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு அவருடைய மனைவி மிச்சமிருந்த ஊசிகளைத் திருப்பித்தர அலுவலகத்துக்கு வந்தா. “மூண்டு நாளாப் படலையையே பாத்துக்கொண்டு கிடந்தவர். ‘என்ரை பேர் பதிஞ்சிருக்கு, கட்டாயம் வருவினம்’ எண்டு சொல்லிச் சொல்லிக் கிடந்தவர்” என்றா. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொறுப்பாளர் சேர் விசாரிக்கத்தான் வேண்டும், விசாரித்தார். அந்தக் கேள்வியை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் போனேன். திறந்து பார்த்தால் மேலே மூன்று நட்சத்திர வரிகள். இன்சுலின் வானுக்கு ஊர்வாரிப் பட்டியல். எழுதியது ஸ்ரெலா. மூன்றாவது வரியில், ‘இருக்கிற ஊர் யூ ஒன்று, அக்காவிடம் கேட்டது’. அந்த வரியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. உன் ஏயெல் சோதினை மனதில் வந்தது. ரியூசன், சைக்கிள், உன் அப்பா போன பிறகு உறவுக்காரர் ஒவ்வொருவராக முகம் திருப்பியது, எல்லாம் வந்தது. ஒரு வரியை அழிக்க இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். அது நட்சத்திர வரிதானே, அதை எடுத்தாலும் கேள்வி அதே பட்டியலைத்தான் தந்திருக்கும். அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

சேர் தாளை மேசையில் வைத்து, “ஏன் பிள்ளை, விளங்காட்டி அக்காட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்று அவளைக் கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். அவள் தாளைச் சேரிடமே திருப்பித் தள்ளி வைத்தாள். அந்த மாத முடிவோடு அவளை நிற்பாட்டினார்கள். போகும்போது தன் மேசையைத் துடைத்து, விசைப்பலகைக்கு உறையைப் போட்டு, “போட்டு வாறன் அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுத்த நாளே நான் நிரல்களின் பெயரை மாற்றினேன். பிறந்த ஊர், இருக்கும் ஊர் என்று விளங்குகிற மாதிரி, பத்து எழுத்துக்குள் அடங்க வைத்தேன். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மின்சாரம் நிற்கும்வரை நான் எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் அவளைப்போலவே எழுதினேன். வரிக்கு ஒன்று, ‘அல்லது’ வந்த இடமெல்லாம் அடைப்புக்குறி, மேலே நட்சத்திர வரிகள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் மெச்சினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதை உனக்கு எழுதாமல் விட்டிருப்பேன். செத்த பிறகும் உனக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று மிதித்தேன். ஸ்ரெலா வீட்டு வாசலில் கிழிந்த வலையை மடியில் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு இவளுடைய அதே கண். என்னைக் கண்டதும் எழும்பி, “அக்காவோ? வாங்கோ, வெயிலுக்கை ஏன் வந்தனீங்கள்” என்று பாயை உதறிப் போட்டாள். பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி தந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே சொன்னேன்.

“ஸ்ரெலா, அண்டைக்கு உம்மடை வரியை நான்தான் அழிச்சனான்.”

அவள் ஊசியை நிறுத்தவில்லை. “தெரியும் அக்கா.”

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. மூண்டு நட்சத்திரம் போட்டனான். சேர் வைச்ச பேப்பரிலை ரெண்டுதான் இருந்துது.”

“பிறகேன் வாயைத் திறக்கேல்லை? சொல்லியிருக்கலாமே, கத்தியிருக்கலாமே!” என்று நானே அவள்மேல் பாய்ந்தேன். குற்றம் செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வருகிறது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“தம்பி ஹோலுக்கை சாக்கிலை கிடந்து படிச்சுக்கொண்டிருந்தவர் எல்லோ அக்கா. நீங்கள் வேலையை விட்டா அவற்றை படிப்பு நிண்டுபோம். எங்கடை வீட்டிலை அப்ப படிக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே.”

அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறகு நீ என்ன செய்கிறாய் என்று கேட்டாள். கொழும்பில் கொம்பியூட்டர் வேலை என்றேன். அவள் முகம் மலர்ந்தது தம்பி, உண்மையாகவே மலர்ந்தது. “அப்ப சரிதானே அக்கா” என்றாள். நான் அங்கே இருந்தே அழுதேன், அவளுடைய பிள்ளைகள் விறைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ சோதினை எழுதியது, பாஸ் பண்ணியது, கொழும்புக்குப் படிக்கப் போனது எல்லாம் நான் அந்த அலுவலகத்தில் தொடர்ந்து எடுத்த சம்பளத்தில். என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவள் எழும்பிப் போனதால் எனக்கு மிஞ்சிய கதிரை அது. உன் படிப்பை நான்தான் தனியாக இழுத்து முடித்தேன் என்று கண்ட கண்ட கலியாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாஸ்ரரின் மனைவியிடம் இன்னும் போகவில்லை. கொழும்புத்துறை இங்கிருந்து மூன்று கட்டை தூரம்தான். போகாததற்கு முழங்காலைச் சாட்டுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். இந்தக் கடிதத்தை நாளைக்குக் கொடுத்துவிட்டு அப்படியே அங்கே போவதாக இருக்கிறேன். அவ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன். நீ என்னை வெறுத்தாலும் அது உன் உரிமை, அவர் உன் மாஸ்ரர். ஆனால் வெறுப்பதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்.

நீ எனக்கு அனுப்பிய அதே தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அதைக் கையில் எடுத்துக்கொண்டு போ. நீ முறைப்பாடு கொடுத்த அதே ஆட்களுக்கு முன்னால் அதை விரித்து வை. இது நான் எழுதியது, வேறு யாருக்கும் விளங்கக்கூடாது என்று பெருமைக்காகவே இப்படி எழுதினேன், பெயரும் இல்லை, வரியும் இல்லை, இது என்னத்துக்கு என்று ஒரு சொல்லும் இல்லை, இதில் யார் கை வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல். அந்தப் பிள்ளையைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரகசியமாக மன்னிப்புக் கேட்கிற வேலை வேண்டாம். செத்த பெடியனின் தகப்பன் வந்து நின்றாரே, அவருடைய வீட்டுக்கும் நீதான் போக வேண்டும். உன் வேலைக்கு ஏதும் வந்தால் வரட்டும். ஊருக்கு வா, இருக்கிறதைச் சாப்பிடுவோம்.

ஒன்று மட்டும் கவனம். நீ வாயைத் திறக்க முதலே அந்தப் பிள்ளை எழும்பி, “பிழை என்ரைதான் சேர்” என்று சொல்லக்கூடும். அவள் யாரை நினைத்து அப்படிச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியாது. நம்பிவிடாதே, ராசா.

அம்மா